திடீரென நிறுத்திய காருக்கு 50 சதவீதப் பொறுப்பு: நெடுஞ்சாலைச் சைகைகள் பற்றி ஒரு விளக்கம்

2025 ஜூலை மாதக் கடைசியில், கோயம்புத்தூரில் நடந்த ஒரு விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு வண்டி ஓட்டுகிறவர்கள் பலரைக் குழப்பியிருக்கிறது. "பின்னாலிருந்து வந்து இடித்தவன் மேல்தான் தப்பு" என்பது நம் ஊரில் காலங்காலமாகப் பேசப்படும் நியாயம். இந்தத் தீர்ப்போ, முன்னால் போன காரை ஓட்டியவருக்குத்தான் பெரும் பங்கு என்கிறது.

நடந்தது இது. 2017 ஜனவரியில் ஒரு பொறியியல் மாணவர் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் போன கார் நெடுஞ்சாலையின் நடுவிலேயே திடீரென நின்றது. மாணவர் காரின் பின்புறம் மோதிச் சாலையில் விழுந்தார். பின்னால் வந்த பேருந்து அவர் மீது ஏறியது. அவருடைய இடது காலை எடுக்க வேண்டியதாயிற்று. காரை நிறுத்தியதற்கு அதன் ஓட்டுநர் சொன்ன காரணம், கர்ப்பிணியான தன் மனைவிக்கு வாந்தி வருவதுபோல் இருந்தது என்பது.

இந்தக் காரணத்தைக் கேட்கிற யாருக்கும் மனம் இளகும். ஆனாலும் வேகமாகப் போகிற சாலையில் நிறுத்த நினைக்கிறவர், பின்னால் வருகிறவர்களுக்கு முன்னெச்சரிக்கையோ சைகையோ கொடுத்தாக வேண்டும் என்றது நீதிமன்றம். பொறுப்பு மூன்றாகப் பிரிக்கப்பட்டது: கார் ஓட்டுநருக்கு 50 சதவீதம், பேருந்து ஓட்டுநருக்கு 30, மாணவருக்கு 20. மாணவர் போதிய இடைவெளி விடவில்லை, அவரிடம் செல்லத்தக்க உரிமமும் இல்லை என்பதால் அந்த 20.

நிறுத்தியதற்கு 50, நெருங்கி வந்ததற்கு 20 என்ற கணக்கு எப்படி வருகிறது? அதைப் புரிந்துகொள்ள, நெடுஞ்சாலையில் ஒரு சைகைக்கு என்ன வேலை என்று முதலில் பார்க்க வேண்டும்.

## நெடுஞ்சாலையில் ஒரு நொடி எவ்வளவு தூரம்

மணிக்கு 100 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர். ஒரு தும்மல் தும்மி முடிப்பதற்குள் வண்டி அத்தனை தூரம் போயிருக்கும்.

வண்டி நிற்க ஆகும் தூரத்தில் இரண்டு பகுதிகள் உண்டு.

1. உணரும் தூரம். ஆபத்தைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போகும்வரை வண்டி வேகம் குறையாமல் ஓடுகிறது. கவனமாக ஓட்டுகிறவருக்கும் இதற்கு ஒன்றரை நொடி ஆகும்.
2. பிரேக் தூரம். பிரேக் பிடித்ததிலிருந்து சக்கரம் நிற்கும்வரை போகும் தூரம். வேகம் இரண்டு மடங்கானால் இது நான்கு மடங்காகும்.

நல்ல டயர், காய்ந்த தார்ச்சாலை, நல்ல பிரேக் என்று வைத்துக் கணக்குப் போட்டால், இரண்டும் சேர்ந்து 60 கி.மீ. வேகத்தில் சுமார் 45 மீட்டர், 80இல் சுமார் 70 மீட்டர், 100இல் கிட்டத்தட்ட 100 மீட்டர் வருகிறது. மழை பெய்து பிடிமானம் பாதியாகக் குறைந்தால், 100 கி.மீ. வேகத்துக்கு 150 மீட்டர் வேண்டும்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக வருகின்றன, ஒன்று 80இல், மற்றது 100இல். இருவருக்கும் எதிரே ஒரே நேரத்தில் ஒரு மாடு குறுக்கே வருகிறது. இருவரும் ஒரே நேரத்தில் பிரேக் போடுகிறார்கள். 80இல் வந்த கார் முழுதாக நின்றுவிட்ட அந்த இடத்தை மற்ற கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் 70 கி.மீ.க்கு மேல் இருக்கும். இருவருக்கும் இடையில் இருந்தது வெறும் 20 கி.மீ. வித்தியாசம்.

2022ஆம் ஆண்டுக்கான மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, நாடு முழுக்க 1,68,491 பேர் சாலை விபத்துகளில் இறந்தார்கள். அதில் 36 சதவீதம் தேசிய நெடுஞ்சாலைகளில். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகளின் பங்கு 2 சதவீதம் அளவுதான். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. இந்த எண்களுக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் ஓட்டுகிறவரின் கையில் முழுக்க இருப்பவை வேகம், இடைவெளி, சைகை ஆகிய மூன்றும்.

பின்னால் வருகிறவருக்குத் தேவைப்படும் அந்த ஒன்றரை நொடியை முன்கூட்டியே கொடுத்துவிடுவதுதான் சைகையின் வேலை. நான் செய்யப்போவது அவருக்கு 3 நொடி முன்பே தெரிந்தால், அவருடைய உணரும் நேரம் ஆபத்து வருவதற்கு முன்பே கழிந்துவிடுகிறது. செய்துகொண்டே காட்டும் சைகை அவருக்கு உதவாது. லேன் மாறிக்கொண்டே இண்டிகேட்டர் போடுகிறவர், நடந்து முடிந்ததைத்தான் அறிவிக்கிறார்.

## இரண்டு கடமைகள், அடுத்தடுத்த விதிகளில்

1989இல் வந்த சாலை விதிமுறைகளில் 23ஆம் விதி பின்னால் வருகிறவருக்கானது: முன்னால் போகிற வண்டி திடீரென வேகம் குறைத்தாலோ நின்றாலோ மோதாத அளவுக்கு இடைவெளி விட வேண்டும். அதற்கு அடுத்த 24ஆம் விதி முன்னால் போகிறவருக்கானது: பாதுகாப்புக்குத் தேவைப்பட்டாலொழிய திடீர் பிரேக் போடக்கூடாது. 2017இல் இந்த விதிமுறைகளை மாற்றிப் புதியவை வந்தன. அவற்றிலும் இந்த இரண்டு கடமைகளும் தொடர்கின்றன.

நம் பேச்சு வழக்கு முதல் விதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இரண்டாவதை மறந்துவிட்டது. கோயம்புத்தூர் வழக்கிலும் முதலில் அப்படித்தான் ஆனது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கார் ஓட்டுநரை முழுதாக விடுவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு 40 சதவீதம் என்றது. உச்ச நீதிமன்றத்தில் அது 50 ஆனது.

குறுக்கே குழந்தை ஓடி வந்து ஒருவர் பிரேக் போட்டால் அது வேறு. அது பாதுகாப்புக்கான பிரேக். நிறுத்த வேண்டும் என்று தானாக முடிவெடுத்தவருக்கு ஓரம் கட்ட நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை அவர் பயன்படுத்தினாரா என்பதுதான் கேள்வி.

## இடைவெளியை அளப்பது எப்படி

மீட்டர் கணக்கில் கண்ணால் அளக்க யாராலும் முடியாது. அதனால் நொடிக் கணக்குதான் சரி. முன்னால் போகிற வண்டி ஒரு கிலோமீட்டர் கல்லையோ மேம்பாலத்தின் நிழலையோ தாண்டும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று நிதானமாக எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் நீங்கள் அந்த இடத்துக்கு வந்துவிட்டால் நெருக்கமாகப் போகிறீர்கள். 100 கி.மீ. வேகத்தில் இந்த 2 நொடி 56 மீட்டர். மழையிலும் இரவிலும் 4 நொடி வேண்டும். லாரியோ பேருந்தோ ஓட்டுகிறவருக்கும் அதே 4 நொடி, அதற்கு மேலும் இருந்தால் நல்லது.

இதற்கு எப்போதும் வரும் எதிர்க்கேள்வி: "அவ்வளவு இடம் விட்டால் வேறு வண்டி நுழைந்துவிடுகிறதே?" நுழையட்டும். ஒரு வண்டி நுழைந்தால் மறுபடி இடைவெளி விட உங்களுக்கு ஆகும் செலவு 2 நொடி. சென்னையிலிருந்து திருச்சி போவதற்குள் 30 வண்டிகள் நுழைந்தாலும் மொத்தத்தில் ஒரு நிமிடம்தான் தாமதம்.

## வண்டி சொல்லும் செய்திகள்

பிரேக் லைட். நாம் நினைக்காமலேயே காட்டும் சைகை இது. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கியரைக் குறைத்தோ ஆக்சிலரேட்டரை விட்டோ வேகத்தைக் குறைத்தால் பிரேக் லைட் எரியாது. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பலர் இப்படித்தான் வேகம் குறைக்கிறார்கள். பின்னால் வருகிற காருக்கு ஒன்றுமே தெரியாது. அதனால் கியரில் வேகம் குறைத்தாலும் பிரேக்கை லேசாகத் தொட்டு விளக்கை எரிய வைக்க வேண்டும். நிறுத்தப் போகிறீர்கள் என்றால் இரண்டு மூன்று தடவை மெதுவாகத் தொட்டுத் தொட்டு விடுங்கள். மினுக்கும் சிவப்பு விளக்கை மனிதக் கண் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

தருமபுரியிலிருந்து சேலம் இறங்கும் தொப்பூர் கணவாயில் இதே சிக்கல் பெரிய அளவில் இருக்கிறது. நீண்ட இறக்கம். பாரம் ஏற்றிய லாரி அங்கே பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டவர்களால் அங்கே நடந்த விபத்துகள் ஏராளம். சரியாக ஓட்டுகிற ஓட்டுநர் குறைந்த கியரில், இன்ஜின் பிடியில், ஊர்ந்து இறங்குவார். அப்போது அவர் வண்டியின் பிரேக் லைட் எரியாது. பின்னால் 80இல் வருகிற கார் அதைச் சாதாரண வேகத்தில் போகும் லாரி என்று நினைத்துவிடும். மலைப்பாதை இறக்கத்தில் முன்னால் லாரி தெரிந்தால், விளக்கு எரிகிறதா என்று பார்க்காமல், அது பெரிதாகத் தெரியும் வேகத்தை வைத்து முடிவெடுங்கள்.

இண்டிகேட்டர். மோட்டார் வாகன விதிகளின்படி இது நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை மினுக்க வேண்டும். லேன் மாறுவதற்கு 3 நொடி முன்பாவது போட வேண்டும் என்பது பாதுகாப்பான பழக்கம். இப்போதைய கார்களில் குச்சியை லேசாகத் தட்டினால் மூன்று தடவை மினுக்கி நின்றுவிடும் வசதி இருக்கிறது. மூன்று மினுக்கு என்பது பல வண்டிகளில் 2 நொடிதான். ஊருக்குள் அது சரி. நெடுஞ்சாலையில் குச்சியை முழுதாகப் போட்டு, லேன் மாறி முடித்தபின் எடுப்பதே நல்லது.

வரிசை முக்கியம்: முதலில் கண்ணாடி, அப்புறம் இண்டிகேட்டர், மறுபடி கண்ணாடி, கூடவே தோளுக்கு மேல் ஒரு பார்வை, கடைசியாகத்தான் ஸ்டியரிங். இண்டிகேட்டர் போட்டதாலேயே வழி கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அது கேட்பது மட்டுமே. பின்னால் வருகிறவர் வேகம் குறைக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

கைச் சைகை. விளக்கு கெட்டுப்போனால் கைதான். வலது கையை வெளியே நீட்டி உள்ளங்கை கீழே பார்க்க மேலும் கீழும் அசைத்தால் வேகம் குறைக்கிறேன் என்று பொருள். முன்கையைச் செங்குத்தாக உயர்த்தினால் நிறுத்துகிறேன். நேராக நீட்டினால் வலப்பக்கம் திரும்புகிறேன். நீட்டிய கையை இடஞ்சுழியாகச் சுற்றினால் இடப்பக்கம். முன்னும் பின்னும் அரைவட்டமாக வீசினால், என்னைத் தாண்டிப் போகலாம் என்பது. பழைய லாரி ஓட்டுநர்கள் இதை அழகாகச் செய்வார்கள்.

ஹெட்லைட். எதிரே வண்டி வந்தாலும், முன்னால் போகிற வண்டியை நெருங்கினாலும் டிம்முக்கு மாற்ற வேண்டும். பிரைட்டிலேயே பின்தொடர்ந்தால் முன்னால் போகிறவரின் கண்ணாடி முழுக்க வெளிச்சம்தான். அவருக்குப் பின்னால் எதுவும் தெரியாது.

## ஒரே சைகை, இரண்டு அர்த்தம்

நம் நெடுஞ்சாலைகளில் சைகை கொடுக்காதது பாதிப் பிரச்சினை. கொடுக்கிற சைகைக்கு ஆளுக்கொரு அர்த்தம் வைத்திருப்பது மீதிப் பாதி. உயிரைக் குடிப்பவை நான்கு.

1. லாரியின் வலது இண்டிகேட்டர். பின்னால் வருகிறவருக்கு "தாண்டிப் போ" என்று சொல்ல வலது இண்டிகேட்டர் போடும் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். "எதிரே வண்டி வருகிறது, தாண்டாதே" என்று சொல்லவும் அதே விளக்கைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டப்படி அதற்கு ஒரே அர்த்தம்: வலப்பக்கம் திரும்பப் போகிறேன் அல்லது வலது லேனுக்குப் போகிறேன். சென்டர் மீடியனில் திறப்பு இருக்கும் இடத்தில் லாரி உண்மையிலேயே திரும்பும்போது, பின்னால் வருகிறவர் அதை "தாண்டிப் போ" என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. முன்னால் போகிறவரின் அனுமதியை நம்பித் தாண்டாதீர்கள். உங்கள் கண்ணுக்குச் சாலை தெரிந்தால் மட்டும் தாண்டுங்கள்.

2. நேராகப் போவதற்கு நாலு விளக்கு. நாற்சந்தியில் நேராகப் போகிறேன் என்று காட்ட நான்கு இண்டிகேட்டர்களையும் எரிய விடுவது தமிழ்நாட்டில் ஊறிப்போன பழக்கம். இடப்பக்கச் சாலையிலிருந்து பார்க்கிறவருக்கு உங்கள் வண்டியின் இடப்பக்க விளக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் தன் பக்கம் திரும்புகிறீர்கள் என்று நினைத்து அவர் சாலைக்கு வருவார். வலப்பக்கம் இருப்பவரும் அப்படியே நினைப்பார். நேராகப் போகிறவருக்குத் தனிச் சைகை எதுவும் தேவையில்லை.

3. மழையில் நாலு விளக்கு. இது நல்ல எண்ணத்தில் செய்யப்படுவது. ஆனால் இந்த விளக்கின் வேலை, ஆபத்தாக நின்றுவிட்ட வண்டியைக் காட்டுவது. மழையில் எல்லோரும் இதைப் போட்டுக்கொண்டு ஓடினால், உண்மையிலேயே நின்றுபோன வண்டியைக் கண்டுபிடிக்க முடியாது. அதோடு பெரும்பாலான வண்டிகளில் இது எரியும்போது இடது, வலது இண்டிகேட்டர் தனியாக வேலை செய்யாது. லேன் மாறுவதை யாருக்கும் சொல்ல முடியாமல் போய்விடும். மழையில் செய்ய வேண்டியது ஹெட்லைட்டை டிம்மில் போடுவது. அப்போதுதான் பின்னால் சிவப்பு விளக்கும் எரியும். பகலில் தானாக எரியும் முன்விளக்கு உள்ள கார்கள் பலவற்றில், அது எரியும்போது பின்விளக்கு எரிவதில்லை. முன்னால் வெளிச்சம் இருக்கிறதே என்று இருந்துவிடக்கூடாது. ஒரு விதிவிலக்கு உண்டு: முன்னால் போக்குவரத்து திடீரென நின்றுவிட்டால், பின்னால் வருகிறவருக்குச் சொல்லச் சில நொடிகள் நாலு விளக்கையும் போட்டு எடுக்கலாம். பிரிட்டனின் சாலை விதி நூல் வேகச் சாலைகளில் இதை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது.

4. லைட் அடிப்பது. எதிரே வருகிறவர் ஹெட்லைட்டைப் பளிச்சிட்டால், "நான் வருகிறேன், நீ நில்" என்பது நம் ஊர் வழக்கு. வேறு சில நாடுகளில் "நீங்கள் போங்கள்" என்பதற்கு அதே பளிச்சு. அங்கே ஓட்டிப் பழகித் திரும்பியவர்கள் இங்கே இதில் சிக்கிக்கொள்கிறார்கள். பாதுகாப்பான வழி, அதை "நான் இருக்கிறேன்" என்று மட்டும் எடுத்துக்கொண்டு காத்திருப்பது.

## எந்த லேன் யாருக்கு

நாலு வழிச் சாலையில் ஒரு திசைக்கு இரண்டு லேன். இடது லேன் ஓடுவதற்கு, வலது லேன் தாண்டுவதற்கு. தாண்டியபின் இடப்பக்கம் திரும்பி வந்துவிட வேண்டும். மீடியன் ஓரமே ஊர்ந்து போகும் லாரியும் தப்பு. "அனுமதிக்கப்பட்ட உச்ச வேகத்தில்தான் நான் போகிறேன்" என்று வலது லேனை விடாமல் பிடித்துக்கொள்ளும் காரும் தப்பு. மற்றவரின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது காவல்துறையின் வேலை, நம் வேலை இல்லை.

தாண்டுவது வலப்பக்கமாகத்தான் என்பது அடிப்படை விதி. லாரி வலது லேனை விடாததால் நாம் இடப்பக்கமாகத் தாண்டுகிறோம். இடப்பக்கத்தில்தான் இருசக்கர வாகனங்களும், ஓரம் கட்டி நிற்கும் வண்டிகளும், சர்வீஸ் ரோட்டிலிருந்து ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். உயரமான லாரியின் இடப்பக்கத்தில் ஓட்டுநருக்குத் தெரியாத பெரிய மறைவிடமும் உண்டு. ஆக, வலது லேனில் ஒருவர் செய்யும் பிடிவாதம் இடது ஓரத்தில் போகும் மொபெட்காரரின் உயிரில் வந்து முடிகிறது. வேறு வழியின்றி இடப்பக்கம் போக நேர்ந்தால், ஹார்ன் அடித்து, லாரியின் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் தெரிகிறதா என்று பார்த்து, வேகத்தைக் கூட்டாமல் போங்கள்.

உங்களை ஒருவர் தாண்டும்போது வேகத்தைக் கூட்டுவது விதிமீறல். இரண்டு வழிச் சாலையில் இது நேரடியாக ஆளைக் கொல்லும். தாண்டத் தொடங்கியவர் எதிர் லேனில் மாட்டிக்கொள்வார். நடுவில் தொடர் மஞ்சள் கோடு போட்ட இடம், வளைவு, மேட்டின் உச்சி, பாலம் ஆகிய இடங்களில் தாண்டவே கூடாது.

எதிர்த் திசையில் வருவதைப் பற்றிச் சுருக்கமாக. அடுத்த திறப்பு இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று, சாலை ஓரமாக எதிரே வரும் இருசக்கர வாகனங்கள் நம் ஊரில் சகஜம். அவர் 40இல், நீங்கள் 100இல் என்றால் நெருங்கும் வேகம் நொடிக்கு 39 மீட்டர். 150 மீட்டர் தள்ளி அவரைப் பார்த்தாலும் உங்களிடம் இருப்பது 4 நொடிகூட இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப்பின் எதிர்த் திசையில் ஓட்டுவது ஆபத்தான ஓட்டுதல் என்ற 184ஆம் பிரிவில் வருகிறது. முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். திறப்புகளையும் சுரங்கப்பாதைகளையும் கிராமங்களுக்கு எட்டாத தூரத்தில் வைத்த வடிவமைப்புக்கும் இதில் பங்கு உண்டு என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

## நிறுத்தியே ஆக வேண்டும் என்றால்

வழக்கில் வந்த நிலைமையையே எடுத்துக்கொள்வோம். காரில் ஒருவருக்கு வாந்தி வருகிறது, அல்லது டயர் வெடித்துவிட்டது, அல்லது இன்ஜின் நின்றுவிட்டது.

1. பிரேக்கில் காலை அழுத்தாதீர்கள். ஆக்சிலரேட்டரை விடுங்கள், கண்ணாடியைப் பாருங்கள், பிரேக்கை லேசாகத் தொட்டு விளக்கை மினுக்க விடுங்கள்.
2. இடது இண்டிகேட்டரைப் போட்டு இடது லேனுக்கு வாருங்கள். அங்கிருந்து வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஓரத்துக்கு. இதற்கெல்லாம் சேர்த்து 10, 15 நொடிதான் ஆகும். வண்டியில் எப்போதும் ஒன்றிரண்டு பிளாஸ்டிக் கவர் இருந்தால் வாந்தி அவசரம் என்பது பெரும்பாலும் அவசரமாகவே இருக்காது.
3. ஓடும் நிலையில் வண்டி இருந்தால் ஓரத்திலும் நிறுத்தாமல் பெட்ரோல் பங்க், லாரி நிறுத்துமிடம், டோல்கேட் தாண்டிய அகலமான இடம், சர்வீஸ் ரோடு என்று ஏதாவது ஒன்றுவரை போய்விடுங்கள். வளைவிலும் மேம்பால இறக்கத்திலும் நிறுத்தவே கூடாது.
4. நின்றபின் நாலு விளக்கையும் போடுங்கள். இந்த விளக்கு இருப்பதே இதற்குத்தான்.
5. எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நில்லுங்கள். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதும் அதன் பின்னால் நின்று பேசுவதும் ஆபத்து.
6. வண்டியோடு வரும் சிவப்பு எச்சரிக்கை முக்கோணத்தை எடுத்துக்கொண்டு, வருகிற வண்டிகளைப் பார்த்தபடி ஓரமாகப் பின்னால் நடந்து போய் வையுங்கள். பலர் வண்டியிலிருந்து நாலடி தள்ளி வைக்கிறார்கள். 100 கி.மீ. வேகத்தில் வருகிறவருக்கு நிற்க 100 மீட்டர் வேண்டும் என்று பார்த்தோம். முக்கோணம் அந்தத் தூரத்தில் இருந்தால்தான் பயன்.
7. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்கு அழையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 108.

திரும்பச் சாலைக்கு ஏறும்போது வலது இண்டிகேட்டரைப் போட்டு, ஓரத்திலேயே வேகம் பிடித்து, பெரிய இடைவெளி வந்தபின் சேருங்கள்.

இரவில் இது இன்னும் கடுமையான விஷயம். டிம் விளக்கு தெளிவாகக் காட்டுவது பெரும்பாலும் 40 முதல் 60 மீட்டர். 80 கி.மீ. வேகத்தில் நிற்க 70 மீட்டர் வேண்டும். ஆக, விளக்கில்லாமல் சாலை ஓரம் நிற்கும் லாரியை நீங்கள் பார்க்கும்போதே நிற்க முடியாத தூரத்துக்கு வந்துவிடுகிறீர்கள். விடியற்காலையில் காரில் வந்த குடும்பம் நின்றிருந்த லாரியில் மோதியது என்று மாதந்தோறும் படிக்கும் செய்திகளுக்குத் தூக்கக் கலக்கத்தை மட்டும் காரணமாகச் சொல்கிறோம். பின்விளக்கும் ஒளிரும் பட்டையும் இல்லாமல் லாரியை நிறுத்தியவர் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆபத்தான நிலையில் வண்டியை விட்டுச் செல்லக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு சொல்கிறது. கோயம்புத்தூர் தீர்ப்பின் தர்க்கம் இந்த லாரிகளுக்கும் அப்படியே பொருந்தும் என்பது என் கருத்து.

## சதவீதம் பணமாக மாறுவது எப்படி

விபத்தில் பாதிக்கப்பட்டவருடைய தவறும் சேர்ந்திருந்தால் அதைப் பங்களிப்புக் கவனக்குறைவு என்பார்கள். அவருடைய பங்கு எத்தனை சதவீதமோ அது இழப்பீட்டில் கழிக்கப்படும். இந்த வழக்கில் மொத்த இழப்பீடு 1.14 கோடி ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. மாணவரின் 20 சதவீதத்தைக் கழித்தபின் 91.2 லட்சம். மொத்த 1.14 கோடியில் காரின் 50 சதவீதம் 57 லட்சம், பேருந்தின் 30 சதவீதம் 34.2 லட்சம். இவற்றை அந்தந்த வாகனங்களின் காப்பீட்டு நிறுவனங்கள் தர வேண்டும்.

ஓட்டுதல் விதிமுறைகளை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஏ பிரிவில் அபராதம் 500 முதல் 1,000 ரூபாய்தான். அதைப் பார்த்துத்தான் சைகை விதியைச் சின்ன விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். விபத்து நடந்தபின் அதே விதிமீறல் லட்சக்கணக்கில் பொறுப்பாக மாறுகிறது.

இங்கே இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். விபத்தை ஏற்படுத்தியவரிடம் செல்லத்தக்க உரிமம் இல்லாவிட்டால், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் காப்பீட்டு நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டு, அப்புறம் அதை வண்டியின் உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் பல வழக்குகளில் உத்தரவிட்டிருக்கின்றன. மகனுக்கோ ஓட்டுநருக்கோ சாவியைக் கொடுக்கும் முன் அவருடைய உரிமம் காலாவதியாகவில்லையா, அது இந்த வகை வண்டிக்குப் பொருந்துமா என்று பார்த்துக்கொள்ள இதுவே போதுமான காரணம்.